மூன்று முள்ளெலும்பு நீளம் என்ற அளவுகோல் போதுமா? தண்டுவட அழற்சியும் எம்ஆர்ஐயும்

வாசகர் கேள்வி — மார்ச் 4, இரவு 9.40

தண்டுவட எம்ஆர்ஐயில் அழற்சித் திட்டு ஒன்று தெரிந்தால் அதன் நீளத்தை அளந்தாலே வேலை முடிந்துவிடும் என்பது என் கருத்து. மூன்று முள்ளெலும்பு நீளத்துக்குக் குறைந்தால் எம்எஸ் (மல்டிபிள் ஸ்க்லெரோசிஸ், நரம்பிழைகளின் மையலின் உறை சிதையும் நோய்). மூன்றோ அதற்கு மேலோ போனால் என்எம்ஓ (நியூரோமைலைடிஸ் ஆப்டிகா, பார்வை நரம்பையும் தண்டுவடத்தையும் தாக்கும் நோய்). நெடுக்குவெட்டுப் படத்திலேயே இது தெரிந்துவிடுகிறது. குறுக்குவெட்டுப் படங்களுக்காக நோயாளியைக் கூடுதல் நேரம் படுக்க வைப்பது எதற்கு? மறுப்பவர்கள் காரணத்துடன் எழுதவும்.

மார்ச் 4, இரவு 11.15

மறுக்கிறேன். கதிரியக்கவியல் பயிற்சியின் முதல் இரண்டு ஆண்டுகள் நானும் இதே வாய்ப்பாட்டை நம்பியிருந்தவன் என்பதால், அது எங்கே உடைகிறது என்பதைச் சொல்ல முடியும்.

எம்எஸ் திட்டுகள் பெரும்பாலும் இரண்டு முள்ளெலும்பு நீளத்துக்குள் அடங்கும் என்பதும், நீங்கள் என்எம்ஓ என்று சொல்லும், அக்வாபோரின்-4 எதிர்ப்பொருளால் வரும் நோயில் மூன்று முள்ளெலும்புகளைத் தாண்டும் திட்டு வழக்கம் என்பதும் உண்மைதான். ஆனால் நீளம் ஒரு விளைவு மட்டுமே. நோய் எந்தத் திசுவைத் தாக்குகிறது என்பதே அதன் வேர். எம்எஸ் அழற்சி சிறு சிரைகளைச் சுற்றித் தொடங்குகிறது. ஆகவே திட்டு தண்டுவடத்தின் ஓரத்தில், குறிப்பாகப் பின்பக்கத்திலும் பக்கவாட்டிலும், ஆப்பு போல உட்காருகிறது. குறுக்குப் பரப்பில் பாதியைத் தாண்டுவது குறைவு. அக்வாபோரின்-4 என்பது ஆஸ்ட்ரோசைட் என்ற நரம்புத் துணைச் செல்களின் நீர்வாய்க்கால் புரதம். அது தண்டுவடத்தின் நடுவிலுள்ள சாம்பல் பொருளில் மிகுந்திருக்கிறது. ஆகவே அந்த நோய் நடுவிலிருந்து வெளியே விரிகிறது, மேலும் கீழுமாக ஓடுகிறது. இந்த வேறுபாடு குறுக்குவெட்டில்தான் கண்ணுக்குத் தெரியும். ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் அகலமே உள்ள உறுப்பை 3 மில்லிமீட்டர் தடிமனுள்ள நெடுக்குச் சீவல்களாக மட்டும் பார்த்துவிட்டு, திட்டு ஓரத்தில் இருக்கிறதா நடுவில் இருக்கிறதா என்று உறுதியாகச் சொல்ல எனக்குத் துணிவில்லை.

எண்ணிக்கையும் உங்கள் பக்கம் இல்லை. அக்வாபோரின்-4 எதிர்ப்பொருள் உள்ளவர்களின் முதல் தண்டுவட அழற்சியை ஆராய்ந்த 2015-ஆம் ஆண்டு ஆய்வொன்றில் 14 சதவீதத்தினருக்குத் திட்டு குட்டையாகவே இருந்தது. ஏழில் ஒருவர் என்று வையுங்கள். உங்கள் வாய்ப்பாடு அவர்கள் அனைவரையும் எம்எஸ் பட்டியலில் சேர்த்துவிடும்.

மார்ச் 5, காலை 6.50

தூங்கி எழுந்து படித்தால், குறுக்குவெட்டே கடைசித் தீர்ப்பு என்ற தொனியில் எழுதியிருப்பது தெரிகிறது. அதுவும் பாதி உண்மைதான். நீளத்தைவிடவும் இடத்தைவிடவும் முதலில் கேட்க வேண்டியது, அறிகுறி தொடங்கி எத்தனை நாளில் இந்தப் படம் எடுக்கப்பட்டது என்பது.

தொடங்கிய முதல் நாளிலேயே எடுத்தால் திட்டு இன்னும் வளரவில்லை என்பதால் குட்டையாகத் தெரியலாம், அல்லது ஒன்றுமே தெரியாமலும் போகலாம். சில மாதங்கள் கழித்து எடுத்தால் அக்வாபோரின் நோயின் நீண்ட திட்டு சுருங்கியும் துண்டுதுண்டாக உடைந்தும், எம்எஸ் திட்டுகளின் வரிசை போல நிற்கும். மையலின் உறையின் மேலுள்ள மாக் என்ற புரதத்தை எதிர்ப்பொருள் தாக்கும் மாக் நோயிலோ திட்டு சுவடின்றி மறைந்துவிடுவது அடிக்கடி நடக்கிறது. எதிர்த்திசையிலும் ஏமாற்றம் உண்டு: நெடுநாளாக எம்எஸ் உள்ள நோயாளியின் பல குட்டைத் திட்டுகள் ஒன்றன் கீழ் ஒன்றாக அமைந்து, நெடுக்குவெட்டில் ஒரே நீளத் திட்டாக ஒட்டிக்கொள்ளும், குறுக்குவெட்டில் ஒன்று இடமும் மற்றொன்று வலமுமாகத் தனித்தனியாகப் பிரிந்து நிற்கும்.

இவ்வளவு முக்கியமான தேதி எங்களிடம் வரும் கோரிக்கைச் சீட்டில் இருப்பதே இல்லை. “கால் பலவீனம், தண்டுவட எம்ஆர்ஐ எடுக்கவும்” என்பதே நான் பார்த்தவற்றுள் நீளமான வரலாறு.

மார்ச் 5, பிற்பகல் 2.05

இடையில் ஒருவர் சுட்டிக்காட்டியது சரி. மேலே நான் எழுதியது பெரியவர்களுக்குப் பொருந்துவது. குழந்தைகளில் நீண்ட திட்டு பல காரணங்களால் வரும். எம்எஸ் உள்ள குழந்தைக்கும் வரலாம், மாக் நோயில் மிகச் சாதாரணம். அங்கே நீளத்துக்கு மதிப்பு இன்னும் குறைவு.

மார்ச் 7, இரவு 10.30

கேள்வி கேட்டவர், “மூன்று முள்ளெலும்புக்கு மேல் இருந்தால் அழற்சி என்பதிலாவது சந்தேகம் இல்லையே?” என்று மீண்டும் எழுதியிருக்கிறார். இதற்குப் பதிலாக என் சொந்தத் தவறு ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. பல ஆண்டுகள் ஆகிவிட்டன. ஆனாலும் அந்தப் படம் கண்ணிலேயே இருக்கிறது.

அறுபதைத் தாண்டிய ஒரு மனிதர். சில மாதங்களாக நடை தளர்ந்து, சிறுநீர் கழிப்பதில் சிரமமும் சேர்ந்து வந்திருந்தார். மார்புப் பகுதியின் கீழ்ப்பாதியிலிருந்து கோனஸ் என்ற தண்டுவடத்தின் கீழ்முனை வரை வீங்கி, டி2 படத்தில் (நீர் மிகுந்த இடத்தை வெண்மையாகக் காட்டும் எம்ஆர்ஐ வகை) வெண்மையாக இருந்தது. ஆறு முள்ளெலும்பு நீளம். “நீண்ட தண்டுவட அழற்சி” என்று எழுதினேன். என்னுடைய அறிக்கையை நம்பி அவருக்கு உயர் அளவு ஸ்டீராய்டு சிரை வழியாகத் தொடங்கினார்கள். அடுத்த நாள் அவரால் எழுந்து நிற்க முடியவில்லை.

மூத்த நரம்பு மருத்துவர் ஒருவர் கீழே இறங்கி வந்து, எதுவும் பேசாமல், அந்தப் படத்தை மறுபடி திரையில் போடச் சொன்னார். தண்டுவடத்தின் பின்புறத்தில், திரவத்தின் வெண்மைக்கு நடுவே, சிறு கரும்புள்ளிகள் புழு ஊர்ந்தது போல வரிசையாக இருந்தன. நான் அவற்றைப் பார்க்காமல் இல்லை. திரவ ஓட்டத்தால் வரும் போலி நிழல் என்று ஒதுக்கியிருந்தேன். உண்மையில் அவை புடைத்த சிரைகள். தண்டுவடத்தைச் சுற்றியுள்ள டூரா உறையில் ஒரு தமனி நேரடியாகச் சிரையோடு இணைந்துவிட்ட ஃபிஸ்டுலா அது. தமனியின் அழுத்தம் சிரைக்குள் ஏறி, தண்டுவடத்திலிருந்து இரத்தம் வடிய வழியில்லாமல் நீர் கோத்து நின்ற வீக்கத்துக்கு நான் அழற்சி என்று பெயர் வைத்திருந்தேன். இந்த நோயில் ஸ்டீராய்டு கொடுத்தபின் நிலை மோசமாவது பலரும் பதிவு செய்த ஒன்று. ஆஞ்சியோகிராமில் இணைப்பு எங்கே இருக்கிறது என்று கண்டு அடைத்தார்கள். பிறகு ஊன்றுகோலுடன் நடந்தார் என்று கேள்விப்பட்டேன்.

ஐம்பதைத் தாண்டிய ஆண், மெதுவாக ஏறும் பலவீனம், நடந்தால் கூடி உட்கார்ந்தால் குறையும் தொல்லை, கோனஸ் வரை இறங்கும் வீக்கம் ஆகியவை சேர்ந்து வந்தால் இன்று நான் அழற்சி என்ற சொல்லை எழுதுமுன் தண்டுவடத்தின் பின்புறத்தை ஒவ்வொரு சீவலிலும் தேடுகிறேன். ஆகவே, ஐயா, நீளம் அழற்சிக்குக்கூடச் சாட்சி சொல்வதில்லை.

மார்ச் 8, காலை 7.20

நேற்று எழுதியதில் ஒரு பக்கம் மட்டும் விழுந்துவிட்டது. போலி நிழலை நோய் என்று வாசிப்பதும் அதே அளவு நடக்கிறது. தண்டுவடம் படமெடுக்கக் கொடுமையான இடம்: முன்னால் தொண்டை விழுங்குகிறது, இதயம் துடிக்கிறது, மூச்சு ஏறி இறங்குகிறது, சுற்றிலும் திரவம் நாடித் துடிப்போடு அலைகிறது. கழுத்தின் நெடுக்குவெட்டில் தண்டுவடத்தின் நடுவே மெல்லிய வெண்கோடு ஒன்று அடிக்கடி தோன்றும். பிக்சல் பெரிதாக இருக்கும்போது, வெண்மையும் கருமையும் சந்திக்கும் விளிம்பிலிருந்து எழும் கிப்ஸ் அலை என்ற போலி நிழல் அது. பயிற்சிக் காலத்தில் அதை நடுக்குழாய் விரிவு என்று எழுதிக் கொடுத்தவர்களுள் நானும் ஒருவன்.

விடை எளியது, சலிப்பூட்டுவது: ஒரே வகைப் படத்தில் மட்டும் தெரியும் திட்டை நம்பக் கூடாது. எம்எஸ் நோய்க்கான 2021-ஆம் ஆண்டு பன்னாட்டுப் பரிந்துரையும் டி2, புரோட்டான் அடர்த்தி, ஸ்டிர் (கொழுப்பின் சமிக்ஞையை அடக்கி எடுப்பது) ஆகிய நெடுக்குவெட்டு வகைகளுள் குறைந்தது இரண்டைக் கேட்கிறது. ஸ்டிர் கூர்மையானது, சாதாரண டி2-வில் மங்கும் திட்டையும் காட்டிவிடும், ஆனால் இரைச்சலும் போலி நிழலும் அதில்தான் அதிகம். ஸ்டிரில் தெரிந்ததை டி2-வில் தேடு, இரண்டிலும் தெரிந்ததைக் குறுக்குவெட்டில் தேடு என்பதே நான் பயிற்சி மருத்துவர்களிடம் சொல்வது. தொண்டைக்கு முன்னால் சமிக்ஞையை அடக்கும் பட்டை போடுவதும், அசைவின் போலி நிழல் விழும் ஃபேஸ் திசையை மாற்றுவதும் தொழில்நுட்பரின் கையில் இருக்கின்றன. நல்ல தொழில்நுட்பர் என் தவறுகளில் பாதியை நான் செய்யுமுன்பே தடுத்துவிடுகிறார்.

மார்ச் 8, காலை 7.45

3 டெஸ்லா காந்தப்புல இயந்திரம் கட்டாயமா என்று கேட்டவருக்கு: மூளையில் அதன் பயன் தெளிவானது, தண்டுவடத்தில் அந்த அளவுக்கு இல்லை. புலம் வலுக்கும்போது சில போலி நிழல்களும் சேர்ந்தே வலுக்கின்றன. பொறுமையாக எடுத்த 1.5 டெஸ்லா படம் எனக்குப் போதும்.

மார்ச் 9, இரவு 9.10

படத்துக்காகச் சிரையில் செலுத்தும் கடோலினியம் மருந்து பற்றி, அது ஏறி ஒளிர்ந்தால் எந்த நோய் என்று சொல்லிவிடலாமா என்ற ஒரே கேள்வி மூன்று வடிவங்களில் வந்திருக்கிறது. மருந்து ஏறி ஒளிர்கிறது என்றால் இரத்தத்துக்கும் நரம்புத் திசுவுக்கும் இடையிலுள்ள தடுப்பு உடைந்திருக்கிறது என்று பொருள்; எந்த நோய் உடைத்தது என்பதை ஒளிர்வு தானாகச் சொல்வதில்லை. ஆனால் எங்கே ஒளிர்கிறது, எத்தனை நாள் ஒளிர்கிறது என்ற இரண்டும் நிறையச் சொல்லும்.

விளிம்பு மட்டும் வளையமாக ஒளிர்வது எம்எஸ் நோயிலும் அக்வாபோரின் நோயிலும் காணப்படுகிறது. ஆகவே அது அழற்சிக் குடும்பத்துக்கு வெளியே உள்ளவற்றிலிருந்து பிரிக்க உதவுமே தவிர, அந்த இரண்டையும் ஒன்றிலிருந்து ஒன்று பிரிக்காது. தண்டுவடத்தின் பின்விளிம்பை ஒட்டி, பையா சவ்வுக்கு அடியில், நீளவாக்கில் தடித்து ஒளிர்ந்தால் சார்காய்டு (உறுப்புகளில் அழற்சி முடிச்சுகள் தோன்றும் நோய்) நினைவுக்கு வர வேண்டும். நடுக்குழாயும் சேர்ந்து ஒளிர்ந்தால் குறுக்குவெட்டில் திரிசூலம் போல இருக்கும். அந்த ஒளிர்வு இரண்டு மாதம் கடந்தும் அணையாதிருந்தால் சந்தேகம் வலுக்கிறது. எம்எஸ் திட்டு பொதுவாக அதற்குள் அணைந்துவிடும்.

இன்னொன்று, அறுவைக் கூடத்தையும் மருந்து வார்டையும் குழப்புவது. கழுத்துத் தேய்மானத்தால் தண்டுவடம் நசுங்கும் இடத்துக்குச் சற்றுக் கீழே, தட்டையான பட்டையாக, அகலம் உயரத்தைவிட மிகுந்து, ஒளிர்வு தெரியும். இதற்கு பான்கேக் என்று பெயர். இவர்களுக்கு வேண்டியது அழுத்தத்தை நீக்குவது. அழற்சி என்று எண்ணி மாதக்கணக்கில் மருந்து கொடுப்பது நடந்திருக்கிறது. அறுவைக்குப் பிறகும் இந்த ஒளிர்வு மாதக்கணக்கில், சிலருக்கு ஓராண்டுக்கு மேலும் நீடிக்கும் என்பதால், சிகிச்சை தோற்றது என்று பதற வேண்டியதில்லை.

அளவு கிலோவுக்கு 0.1 மில்லிமோல்; மருந்து செலுத்தியதும் உடனே எடுக்காமல் சில நிமிடங்கள் காத்திருப்பது திட்டு ஒளிர உதவும். திரும்பத் திரும்பச் செலுத்தினால் உடலில் தங்குகிறது என்பது 2014 முதல் தெரிந்த செய்தி. வளைய அமைப்புள்ள வகைகளில் அது குறைவு. எனவே ஒவ்வொரு மறுபரிசோதனைக்கும் பழக்கத்தால் மருந்து எழுதுவதை நான் ஆதரிக்கவில்லை.

மார்ச் 9, இரவு 9.35

திரிசூலம், பான்கேக், ஆந்தைக் கண், எச் எழுத்து, தலைகீழ் வி எழுத்து என்று பெயர்களை அடுக்கினால் தண்டுவடமா கண்காட்சியா என்று கேட்டிருக்கிறார் ஒருவர். சிரித்தேன். பெயர் நினைவில் நிற்பதற்கு மட்டுமே. அறிக்கையில் அதை எழுதிவிட்டு விளக்கத்தை விட்டுவிடக் கூடாது. எச் எழுத்து என்றால் சாம்பல் பொருள் மட்டும் வெண்மையாகியிருக்கிறது. மாக் நோயில் அது வழக்கம். ஆனால் வைரஸ் தொற்றிலும் இரத்த ஓட்டக் குறைவிலும் அதே எழுத்து தோன்றும். தலைகீழ் வி என்றால் தண்டுவடத்தின் பின்பக்க நரம்பிழைத் தூண்கள் இரண்டும் பாதிக்கப்பட்டிருக்கின்றன. அங்கே முதலில் பி12 வைட்டமின், அடுத்துத் தாமிரம் பார்க்க வேண்டும். அது அழற்சியே அல்ல.

மார்ச் 12, காலை 6.30

ஆந்தைக் கண்ணுக்கு வருகிறேன், ஏனெனில் அதைப் பற்றி எழுதாமல் விட்டது உறுத்துகிறது. முன்பக்கச் சாம்பல் பொருளில் இரண்டு வெண்புள்ளிகள்; நெடுக்குவெட்டில் பென்சில் கோடு. இது தண்டுவட இரத்தத் தடையைக் காட்டலாம். ஆனால் படம் இங்கே இரண்டாம் சாட்சி. முதல் சாட்சி கடிகாரம். 2002-இல் வகுக்கப்பட்ட குறுக்குத் தண்டுவட அழற்சிக்கான நிபந்தனைகளில், பலவீனம் உச்சத்தை அடைய 4 மணி நேரம் முதல் 21 நாள் வரை என்று வரம்பு வைத்தார்கள். குனிந்து எதையோ எடுத்தவர் நிமிர்ந்து அரைமணியில் கால் செயலிழந்தார் என்றால் அதை அழற்சி என்று அழைக்க முகாந்திரம் இல்லை. மூன்று வாரத்தைத் தாண்டியும் ஏறிக்கொண்டே போனாலும் அப்படித்தான். ஃபிஸ்டுலா, கட்டி, சார்காய்டு ஆகியவை அந்தப் பக்கம் இருக்கின்றன. சந்தேகம் இருந்தால் டிஃப்யூஷன் படத்தையும் (திசுவில் நீரின் அசைவைக் காட்டுவது) சேர்த்து எடுக்கச் சொல்லுங்கள். அருகிலுள்ள முள்ளெலும்பின் மஜ்ஜையும் சேர்ந்து வெளுத்திருக்கிறதா என்று பாருங்கள். இரண்டுக்கும் இரத்தம் கொடுப்பது ஒரே தமனியின் கிளைகள்.

மார்ச் 5-ஆம் தேதி நான் கோரிக்கைச் சீட்டைக் கிண்டல் செய்தது இப்போது இன்னும் நியாயமாகப் படுகிறது.

மார்ச் 14, இரவு 11.00

மார்ச் 4 குறிப்பில் “ஏழில் ஒருவர்” என்று எழுதியதை ஒருவர் அப்படியே எடுத்து வேறிடத்தில் விதி போலப் பயன்படுத்தியிருப்பதைப் பார்த்தேன். அது அக்வாபோரின்-4 எதிர்ப்பொருள் உறுதியான நோயாளிகளின் ஒரு தொகுப்பில் கிடைத்த விகிதம். உங்கள் முன்னால் குட்டைத் திட்டுடன் இருப்பவர்களுள் ஏழில் ஒருவருக்கு அந்த நோய் என்று அதைத் திருப்பிப் போட முடியாது. எம்எஸ் மிகுந்த மக்களிடையே குட்டைத் திட்டு பெரும்பாலும் எம்எஸ் ஆகவே இருக்கும். நான் அதை இன்னும் கவனமாக எழுதியிருக்க வேண்டும். அந்த எண் சொல்வது இவ்வளவுதான்: குட்டையாக இருக்கிறது என்பதற்காக மட்டும் இரத்தப் பரிசோதனையைத் தவிர்க்காதீர்கள். அந்த நோயாளிகளுக்கு நோயைக் கண்டறியத் தாமதமானது என்பதும் அதே ஆய்வில் பதிவான செய்தி.

தாமதம் ஏன் பொருட்படுத்த வேண்டியது என்றால், இன்டர்ஃபெரான் பீட்டா, ஃபிங்கோலிமாட், நடாலிசுமாப் போன்ற எம்எஸ் மருந்துகள் அக்வாபோரின் நோயை அடக்காததோடு மோசமாக்கவும் கூடும். பெயரை மாற்றி வைத்தால் மருந்தும் மாறிவிடுகிறது.

எந்தக் குட்டைத் திட்டைச் சந்தேகிப்பது? நடுவில் இருப்பது, மூளைப் படம் எம்எஸ் போல இல்லாதது, முன்பு பார்வை நரம்பு கடுமையாகத் தாக்கப்பட்டது அல்லது அடங்காத விக்கலும் வாந்தியும் வந்தது. விக்கல் என்றதும் சிலர் புன்னகைக்கலாம்; மூளைத்தண்டின் அடியிலுள்ள ஏரியா போஸ்ட்ரீமா அழற்சியடைந்தால் அது நாட்கணக்கில் நிற்காது. குடல் மருத்துவரிடம் அலைந்துவிட்டுக் கடைசியில் எங்களிடம் வந்தவர்கள் உண்டு. ஆகவே தண்டுவடத்தில் அழற்சி தெரிந்தால் மூளையையும் எடுக்காமல் நான் கருத்துச் சொல்வதில்லை. எம்எஸ் நோயை உறுதி செய்வதற்கான 2017-ஆம் ஆண்டு மெக்டொனால்டு நிபந்தனைகளில் திட்டுகள் பரவியிருப்பதைக் காட்ட நான்கு இடங்கள் இருந்தன, தண்டுவடம் அவற்றுள் ஒன்று. 2024 திருத்தத்தில் பார்வை நரம்பு ஐந்தாவதாகச் சேர்ந்திருக்கிறது.

மார்ச் 15, பிற்பகல் 1.15

“படத்தில் திட்டு பெரிதாக இருக்கிறது, நோயாளி நடக்கிறார், படத்தில் சிறிதாக இருக்கிறது, நோயாளி படுத்திருக்கிறார்” என்று வியந்திருக்கிறார் ஒருவர். வியப்பில் நானும் பங்குகொள்கிறேன். டி2 வெண்மை நீர் எங்கே கூடியிருக்கிறது என்பதைக் காட்டுகிறது. அதற்குள் மையலின் மட்டும் போயிருக்கிறதா, நரம்பிழையே அறுந்திருக்கிறதா என்பதைப் பிரித்துக் காட்டுவதில்லை. நீர் வற்றினால் முதல் வகையினர் எழுந்து நடப்பார்கள். இரண்டாம் வகையின் தடயம் பிறகு, தண்டுவடம் மெலியும்போது தெரியும். கழுத்தின் இரண்டாம் மூன்றாம் முள்ளெலும்பு மட்டத்தில் குறுக்குப் பரப்பை அளப்பது அதற்காகத்தான். அந்த அளவை ஆய்வுகளில் நன்றாகப் பயன்படுத்துகிறார்கள். ஒரு தனி நோயாளியின் இரு படங்களுக்கிடையே நான் அதை நம்பிப் பேசத் தயங்குவேன், தலையை வைத்த கோணம் மாறினாலே அளவும் சற்று மாறும்.

மார்ச் 16, காலை 7.05

கேள்வி கேட்டவர் தம் அறிக்கை வடிவத்தை மாற்றிவிட்டதாகவும், நீளத்தை இனி எழுதவே போவதில்லை என்றும் அறிவித்திருக்கிறார். அப்படிச் சொல்லவில்லை, ஐயா! நீளத்தை எழுதுங்கள், அதைத் தனியாக நிற்க விடாதீர்கள். நான் எழுதும் வாக்கியம் இப்படி இருக்கும்: “அறிகுறி தொடங்கிய 6-ஆம் நாளில் எடுத்த படம், கழுத்தின் 5-ஆம் முள்ளெலும்பு முதல் மார்பின் 2-ஆம் முள்ளெலும்பு வரை தொடர்ச்சியான டி2 வெண்மை, குறுக்குவெட்டில் நடுப்பகுதியில் பாதிக்கு மேல் நிரப்புகிறது, டி1 வகைப் படத்தில் கருமை, விளிம்பில் ஒளிர்வு, பின்புறப் புடைசிரைகள் இல்லை, தேய்மான அழுத்தம் இல்லை.” இல்லை என்று எழுதும் அந்தக் கடைசி இரண்டுக்காகத்தான் முதல் முறை தேடும்போதே கண் அங்கே போகிறது.

மார்ச் 16, இரவு 8.50

விட்டுப்போன ஒன்று. மட்டத்தை எண்ணும்போது கழுத்தின் 2-ஆம் எலும்பு தெரியும் படம் ஒன்றை வைத்து மேலிருந்து எண்ணுங்கள். மார்புப் பகுதியை மட்டும் எடுத்துவிட்டுக் கீழிருந்து எண்ணினால், இடுப்பில் ஓர் எலும்பு கூடியோ குறைந்தோ இருக்கும் நோயாளிகளில் எல்லா மட்டமும் ஒன்று நகர்ந்துவிடும். அடுத்த ஆண்டு வேறொருவர் மேலிருந்து எண்ணி, பழைய திட்டையே புதிய திட்டு என்று எழுதுவார். அப்படி எழுதப்பட்ட அறிக்கை ஒன்று போன மாதம் என் மேசைக்கு வந்தது. இரண்டு படங்களையும் அருகருகே வைத்துப் பார்த்தபோது திட்டு இருந்த இடத்திலேயே இருந்தது.